மடங்கும் கட்டையா, மடங்காத கட்டையா?

துப்பாக்கியைத் தோளில் ஊன்றும் பின்கட்டை மடங்க வேண்டுமா, நிலையாக இருக்க வேண்டுமா? கைப்பேசி விளையாட்டில் ஆயுதத்தின் பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்தும் என் அக்கா மகனுக்கு இது இரண்டு விநாடி வேலை. பாலிங் வட்டாரத் தோட்டமொன்றில் சிறப்புக் காவலராக இருந்த என் தாத்தாவுக்கு அது உயிரோடு சம்பந்தப்பட்ட சங்கதி. லயத்தில் அவரை 'எஸ்.சி. தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும், ரப்பர் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஆயிரக்கணக்கானோரைச் சிறப்புக் காவலர்களாகச் சேர்த்தார்கள். தாத்தாவுக்குக் கிடைத்தது மரக்கட்டை வைத்த லீ என்ஃபீல்டு. நான்கு கிலோ எடை; ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். புதரில் மாட்டும், லாரியில் ஏறினால் முழங்காலில் இடிக்கும். ஆனால் தோளில் அழுத்தி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்துவிட்டால் ஆடாது. "கட்டை அசைஞ்சா கண்ணும் அசையும்" என்பார் தாத்தா.

அடர்ந்த காட்டுக்குள் போனவர்களுக்கோ அந்த நீளமே தொல்லை. அதனால்தான் குட்டையாக்கிய 'ஜங்கிள் கார்பைன்' மலாயாவில் அதிகம் புழங்கியது. எடை குறைந்தது, தோளில் விழும் உதை கூடியது. அமெரிக்கர்கள் வான்குடைப் படைக்காகச் செய்த எம்1ஏ1 கார்பைனில் கட்டையே பக்கவாட்டில் மடங்கும். 90 சென்டிமீட்டர் துப்பாக்கி 65 ஆகிவிடும். ஆனால் விரித்த கட்டை பூட்டிக்கொள்ளாது. வில்லின் அழுத்தத்தில்தான் நிற்கும்.

எல்லாத் துப்பாக்கியிலும் கட்டையை மடக்கவும் முடியாது. நம் ராணுவம் வைத்திருக்கும் எம்4இல், சுடும்போது பின்னோக்கி வரும் பாகத்தைத் தாங்கும் சுருள்வில் கட்டைக்குள் இருக்கும் குழாயில்தான் இருக்கிறது. ஆகவே கட்டையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், மடக்க முடியாது. கையால் இழுத்துக் குண்டேற்றும் குறிபார்க்கும் துப்பாக்கிகளில் அந்தச் சிக்கல் இல்லை. இப்போது வரும் அலுமினியச் சட்டங்களில் நல்ல கீலும் பூட்டும் இருந்தால், மடங்கும் கட்டையும் நிலைக்கட்டை போலவே உறுதியாக நிற்கும். கூடுவது எடையும் விலையும்தான்.

இவ்வளவும் துப்பாக்கியைப் பிடித்திருப்பவரின் கணக்கு. எதிரே நின்றவர்களின் கணக்கைப் பாட்டியிடம் கேட்டேன். காட்டுக்குள் அரிசி போய்விடக் கூடாது என்று, விடியற்காலையில் பால்மரம் சீவப் போகிறவர்களைத் தோட்டத்து வாசலில் நிறுத்திச் சோதித்த காலம் அது. காண்டாவாளிக்குள்கூடக் கைவிட்டுப் பார்ப்பார்களாம். அந்த வரிசையில் பாட்டி நிற்பார். சற்றுத் தள்ளித் துப்பாக்கியோடு தாத்தா நிற்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

"நீளத் துப்பாக்கின்னா தூரத்துலயே தெரியும், ஒதுங்கிக்கலாம். மடக்கி மறைச்சு வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்? அதுதாம்மா பயம்" என்றார் பாட்டி.

அந்தப் பயம் தீரத்தான் 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் உலகமே பாலிங்கைப் பார்த்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஒருபுறம். காட்டிலிருந்து வந்த சின் பெங் தரப்பு மறுபுறம். கட்சிக்கு அங்கீகாரம் வேண்டும், சரணடைய முடியாது என்றார் சின் பெங். துங்கு அதை ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது, துப்பாக்கிகள் காட்டுக்கே திரும்பின. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்த பிறகும் எல்லைக் காடுகளில் ஆயுதங்கள் இருந்தன. 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாயில் கையெழுத்தான உடன்பாட்டுக்குப் பிறகுதான் அவற்றை அழித்தார்கள். பாலிங் பேச்சு முறிந்து 34 ஆண்டுகள் கழித்து!

எந்தக் கட்டை நல்லது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எடை, நீளம், உதை எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம், தப்பில்லை. கூடவே, விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நின்றவர்களின் கதையையும் சொல்லுங்கள். மடக்கி வைத்தது எந்த நேரமும் விரியும். அது பாட்டிக்குத் தெரிந்திருந்தது.