ஆடுவது சக்கரமா, கையா?

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் நடந்து பார்த்தால், கடை வாசல்களில் புதுப்பானைகள் அடுக்கியிருக்கும். நம் தாய்மார்கள் ஒவ்வொன்றாக எடுத்து விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார்கள். ‘ணங்’ என்று ஒலித்தால் நல்ல பானை. சத்தம் மங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது என்று கீழே வைத்துவிடுவார்கள். சத்தத்தைக் கேட்டுக் குறையை அறியும் இந்தப் பழக்கம் பானையைச் செய்கிற சக்கரத்துக்கும் உதவும். எங்கள் தோட்டப் பள்ளிக்கு ஒரு புதுச் சக்கரம் வந்தபோது அதைக் கண்ணால் கண்டேன்.

நம் வட்டாரத்துக்கும் களிமண்ணுக்கும் பழைய உறவு உண்டு. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். காப்பித்தான் யாப் குவான் செங்கின் சூளையும் அங்கேதான் இருந்தது. இன்னும் வடக்கே, கோல சிலாங்கூரை அடுத்து, மின்மினிப் பூச்சிகளுக்குப் பேர்போன கம்போங் குவாந்தானில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்து பெயர் பெற்றிருக்கின்றன.

இந்தக் கைத்தொழிலை நம் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. தோசையும் வடையும் விற்ற காசு, ஆளுக்குப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று கொடுத்த காசு, எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் கூடுதலான விலையில் மின்சாரச் சக்கரம் ஒன்றை வாங்கினார்கள். செம்பனைக் குலை வெட்டியும், உதிர்ந்த பழம் பொறுக்கியும் சம்பாதித்த பணம் அது.

வந்த மறுநாளே தொல்லை தொடங்கியது. சுவிட்சைப் போட்டதும் ‘கடகட’ என்று ஒரே சத்தம். மேல் தட்டில் வைத்த மண் ஒரு பக்கமாக எகிறியது. ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு பையன் ஆசை ஆசையாக உட்கார்ந்தான். அவன் பாட்டி பானை செய்த குடும்பத்தில் பிறந்தவர். மூன்று முறை மண் வைத்தான். மூன்று முறையும் கோணிச் சரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த அவன் தாயார், “உன் கைக்கு இதெல்லாம் வராதுடா, எழுந்து வா” என்று அழைத்துப் போய்விட்டார். அதன்பிறகு இரண்டு நாள் அவன் அந்தத் தாழ்வாரத்துப் பக்கமே தலைகாட்டவில்லை.

சங்கத்திலோ, “திருப்பி அனுப்பிடுங்க” என்றார் ஒருவர். “மலிவா வாங்கினா இப்படித்தான்” என்றார் இன்னொருவர். பையனின் கை சரியில்லை என்று ஒரு தீர்ப்பு, சக்கரமே சரியில்லை என்று இன்னொரு தீர்ப்பு. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தவர் எவருமில்லை.

பார்த்தவர் எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் ஒரு தகப்பனார். மாலை வேலை முடிந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வந்தார். “சார், முதல்ல மண்ண எடுத்திடுங்க. மண்ணு ஆடுதா, மெஷினு ஆடுதான்னு தெரியணும்” என்றார். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். சக்கரம் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் பயன்படும்.

முதலில் தரையைப் பார்த்தார். பள்ளித் தாழ்வாரத்தின் சிமெண்டுத் தரை, மழை நீர் வடிய வேண்டும் என்று சாக்கடைப் பக்கம் சரிவாகப் போட்டது. நான்கு கால்களில் ஒன்று தரையில் பதியாமல் நின்றது. அப்படி நின்றால் சிறு அதிர்வும் பெரிய ஆட்டமாகிவிடும். காலின் அடியில் இருக்கும் திருகாணியை ஏற்றி இறக்கி, கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துச் சரி செய்தார். பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி நான்கு கால்களுக்கும் அடியில் வைத்தார். பாதி ஆட்டம் அடங்கியது.

மீதி ஆட்டத்துக்கு ஒரு பென்சில் போதுமாயிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டையை வைத்து, பென்சிலை அதன்மேல் அழுத்திப் பிடித்து, அதன் முனையைத் தட்டின் விளிம்புக்கு மிக அருகே கொண்டுபோய், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முனைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுற்று முழுவதும் ஒரே அளவாக இருந்தால் தட்டு நேராக இருக்கிறது. மயிரிழை வித்தியாசம் புதுச் சக்கரத்திலும் இருக்கலாம். அது பானையைக் கெடுக்காது. எங்கள் தட்டோ ஒரு பக்கம் பென்சிலை உரசியது, எதிர்ப் பக்கம் தீக்குச்சி நுழையும் அளவு விலகியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கழற்றினார். தட்டு உட்காரும் இடத்தில், பெட்டியில் அடைத்து வந்த வெள்ளை நுரைத் துணுக்கு ஒன்று நசுங்கிக் கிடந்தது. துடைத்துவிட்டுத் தட்டை அழுத்தி உட்காரவைத்துத் திருகாணியை முடுக்கினார். பென்சில் இப்போது ஒரே அளவு காட்டியது.

ஆனால் சத்தம் போகவில்லை. ஆட்டத்துக்கு ஒரு காரணம், சத்தத்துக்கு வேறு காரணம். ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தானே தீரும் என்று நினைக்கக் கூடாது என்றார். மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைக் கழற்றினார். தட்டைக் கையால் சுற்றினார்; சத்தமே இல்லை. அங்கே கரகரவென்று கேட்டிருந்தால் பேரிங் கெட்டது என்று பொருள். பிறகு பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, நீளமான ஸ்குரு டிரைவரின் முனையை அதன் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ‘கடகட’ அங்கேதான் இருந்தது. மோட்டார் அச்சில் உள்ள புல்லியின் சிறு திருகாணி, லாரியில் குலுங்கி வந்ததில் தளர்ந்திருந்தது. புல்லி ஓரங்குலம் நகர்ந்து பெல்ட்டையும் கோணலாக இழுத்திருக்கிறது. நேரான அடிக்கோலை இரண்டு புல்லிகளுக்கும் குறுக்கே பிடித்து, ஒரே கோட்டில் நிறுத்தி முடுக்கினார்.

மற்றச் சத்தங்களையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். சுற்றுக்கு ஒரு முறை ஏதோ உரசுகிறது என்றால், மண் தண்ணீர் விழும் பிளாஸ்டிக் தொட்டி தட்டில் படுகிறது. மண்ணை அழுத்தும்போது மட்டும் கிறீச்சிட்டால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ‘தொப் தொப்’ என்று கேட்டால், பெட்டியில் நாள்கணக்கில் மடிந்து கிடந்த பெல்ட் அந்த மடிப்பிலேயே இறுகியிருக்கலாம். சில மணி நேரம் ஓடினால் பெரும்பாலும் இளகிவிடும். மெல்லிய ரீங்காரம் மோட்டாரின் இயல்பு. பெல்ட்டில் எண்ணெய் விடக் கூடாது, மூடி வந்த பேரிங்கைத் திறக்கக் கூடாது. பேரிங் அரைக்கிறது, அச்சு வளைந்திருக்கிறது என்று தெரிந்தால், கையை வைக்காமல் உத்தரவாதச் சீட்டோடு விற்றவரிடம் கேட்க வேண்டும். எதைத் தொடுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதபடி பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

சனிக்கிழமை அந்தப் பையனின் பாட்டியுடைய அண்ணன் வந்தார். எண்பதை நெருங்கும் வயது. இளமையில் கோலால் சுற்றிவிடும் பெரிய சக்கரத்தில் பானை செய்தவர். எங்கள் சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எங்க சக்கரம் நின்னா ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கும் வாத்தியாரே. வேகமா சுத்துனாத்தான் நிமிரும். ஒரு பக்கம் லேசா இருந்தா அங்க கொஞ்சம் மண்ண அப்பி எடையைச் சமமாக்குவோம். சக்கரத்த சரி பண்ணாம யாரும் மண்ணுல கை வைக்க மாட்டோம்.”

பம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஒற்றை முனையில் நிற்கும் பாரமான சக்கரத்தை வேகம்தான் நிமிர்த்தி வைக்கிறது. மின்சாரச் சக்கரத்துக்கு அந்த வேலையைக் காலும் அச்சும் பேரிங்கும் செய்கின்றன.

பெரியவர் பையனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் தயங்கித் தயங்கி வந்தான். பின்னாலேயே தாயாரும் வந்தார். பெரியவர் மண்ணைப் பிசையச் சொன்னார். உள்ளே காற்றுக் குமிழும் கட்டியும் இருந்தால் எந்தச் சக்கரத்திலும் மண் ஆடும். பிறகு உருண்டையைத் தட்டின் நடுவில் அடித்து ஒட்டச் சொன்னார். “முழங்கையைத் தொடையில ஊனு. மண்ணு உன்னத் தள்ளக் கூடாது, நீதான் மண்ணத் தள்ளணும். கைய வெடுக்குன்னு எடுக்காதே, மெதுவா விடு” என்றார்.

முதல் உருண்டை ஆடியது. இப்போது ஆடியது அவன் கைதான். ஆனால் அது அவனுக்கே தெரிந்தது, எதைத் திருத்துவது என்றும் தெரிந்தது. நான்காவது உருண்டை நடுவில் நின்றது. அவன் கையை எடுத்த பிறகும் அது அசையாமல் சுழன்றதைப் பார்த்துத் தாயார், “நிக்குதுடா!” என்றார். அன்று அவன் பானை செய்யவில்லை. விளிம்பு கோணிய ஒரு சிறு கிண்ணம்தான் செய்தான்.

அன்பான பெற்றோர்களே, நம் பிள்ளைகள் கணக்கில் தடுமாறும்போதும், மலாய் வாசிக்கத் திணறும்போதும் “உனக்கு வராது” என்று சொல்லிவிடுகிறோம். அவன் உட்காரும் பலகை ஆடுகிறதா, எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிகிறதா, காலையில் ஏதாவது சாப்பிட்டானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் அவன் கைக்கு வருவோம். அப்போதும் குறை கையில் இருந்தால், அது பழகினால் தீரும் குறை.

தீபாவளிக்கு எங்கள் பிள்ளைகள் அகல் விளக்குகள் செய்யப் போகிறார்கள். பென்சிலும் கட்டையும் சக்கரத்தின் பக்கத்திலேயே இருக்கின்றன. மாதம் ஒரு முறை பிள்ளைகளே அளந்து பார்க்கிறார்கள்.