பெயர் சொல்ல விரும்பாத நேயர்

கொழிஞ்சாம்பாறையில் பள்ளிப் படிப்பு. 1993 வாக்கில் கோவை வானொலிக்கு போஸ்ட் கார்டு போட்டேன். சித்ரா குரல் என்றால் உயிர், வெளியே சொல்லக் கூச்சம். 'பெயர் சொல்ல விரும்பாத நேயர்' என்று கையெழுத்து. வாசித்தார்கள்! ஆனால் அன்று அதே பெயரில் இன்னும் ரெண்டு கடிதம். எது யாருடையது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால்தான் எஸ்.ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார். ஒளிய அல்ல, குழப்பம் தீர. (பேங்கில் கணக்கு எண் மாதிரி.)

அடுத்த கார்டிலிருந்து நான் 'சித்தூர்ச் செல்வன்'.

"நம்ம பக்கத்துப் பையன், ரசனையானவன்டா" என்றார் அப்பா, ரேடியோவைக் கூட்டி வைத்து. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். 2011ல் அவர் போகும்வரை சொல்லவேயில்லை. மஸ்கட்டில் உட்கார்ந்து இப்போதுதான் சொல்கிறேன்.