இரண்டு குரல், ஒரு கேடயம்

விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் குலவையிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பொங்கல் சமயத்தில் தூர்தர்ஷனில் அந்த அம்மா பாட வந்தால் எங்கள் அப்பத்தா அடுப்படியை விட்டு வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் நின்று பாடுபவர் கணவர் நவநீதகிருஷ்ணன். "புருசனும் பொஞ்சாதியுமா நின்னு பாடுறாக பாரு" என்று அப்பத்தா சொல்வதில் ஆச்சரியமும் இருக்கும், கொஞ்சம் பொறாமையும் இருக்கும். நடவு வயலில் அது பாடாத பாட்டில்லை. ஆனால் தாத்தாவோடு சேர்ந்து ஒரு வரி பாடியதாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சிவகங்கைப் பக்கத்தில் கேட்ட அந்தக் குலவை எனக்கு அதிகம் நினைவுக்கு வருவது பெசன்ட் நகரில்தான். எலியட்ஸ் கடற்கரையில் சாயங்காலம் ஆனால் யாராவது கிதாரோடு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு அந்தப் பக்கம், சுண்டல்காரரும் பலூன் சுடும் கடைக்காரரும் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவே, இளையராஜாவில் ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரத்தில் தெம்மாங்குக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். இரண்டு மூன்று கார்டு தெரிந்தால் போதும், தெம்மாங்கு கிதாரில் உட்கார்ந்துவிடும். கூட ஒரு கஹோன் பெட்டி. கேட்டால் 'ஃபோக் ராக்' என்பார்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, அப்பத்தா காலத்துச் சந்தம் இருபது வயதுப் பையன் வாயில் வருகிறதே, அது போதும் எனக்கு.

இந்த வகையில் சென்னையில் காதில் நின்ற குழு 'லா பொங்கல்'. அந்தோணிதாசன், தர்புகா சிவா, பிரதீப் குமார் எல்லாம் சேர்ந்து மேடையேறிய குழு. அந்தோணிதாசன் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரகாட்ட மேடைகளிலிருந்து வந்தவர். தவிலுக்கும் நாகசுரத்துக்கும் ஈடுகொடுத்து விடிய விடியப் பாடிய தொண்டைக்கு எலெக்ட்ரிக் கிதார் எம்மாத்திரம்? அவர் மனைவி ரீத்தாவும் பாடகர். அங்கேயும் தம்பதிதான்.

யோசித்துப் பார்த்தால் தமிழ் நாட்டுப்புற மேடையில் தம்பதி இல்லாத காலமே இல்லை. விஜயலட்சுமி, நவநீதகிருஷ்ணன் என்ற மதுரைத் தம்பதிக்குப் பிறகு புஷ்பவனம் குப்புசாமி, அனிதா குப்புசாமி. வேதாரண்யத்தை ஒட்டிய புஷ்பவனத்துக்காரர் அவர். இருவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர்கள். ஒரு காலத்தில் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் அவர்கள் கேசட் ஓடும். அதற்கும் பிறகு செந்தில் கணேஷ், ராஜலட்சுமி. அவர் புதுக்கோட்டைப் பக்கம், அந்த அம்மா திண்டுக்கல் பக்கம்.

ஏன் இப்படி ஜோடி ஜோடியாக? பாட்டின் அமைப்பே ஒரு காரணம். எசப்பாட்டு என்றால் எதிரில் ஆள் வேண்டும். ஆண் ஒரு கேள்வி போட, பெண் அதை மடக்கிப் பதில் போட, அவர் மறுபடி சீண்ட, கூட்டம் அந்தம்மா பக்கம் சாய்ந்து கைதட்டும். முன்பே ஒத்திகை பார்த்ததுபோல இருக்கக் கூடாது, ஆனால் தாளம் ஒரு மாத்திரைகூடப் பிசகக் கூடாது. தினமும் ஒரே வீட்டில் சண்டை போட்டுப் பழகியவர்களுக்கு அது சுலபமாக வரும். இன்னொரு காரணம் மேடைக்குப் பின்னால் இருக்கிறது. கோயில் திருவிழா என்றால் கச்சேரி தொடங்கவே இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். முடிந்து வேனில் ஏறும்போது கோழி கூவும். தனியாகப் போய் வரும் பெண்ணை ஊர் என்ன பேசும் என்பது தெரிந்ததே. கணவரும் அதே வேனில் இருந்தால் அந்த வாய்கள் அடைபடும், அட்வான்ஸ் பேரத்தில் ஏமாற்றும் கைகளும் கொஞ்சம் அடங்கும். சம்பளமும் ஒரே வீட்டுக்குப் போகும். தொழிலும் குடும்பமும் இப்படி ஒன்றாகிவிட்ட பிழைப்பு அது.

மதுரைத் தம்பதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இருவரும் ஆய்வாளர்கள். விஜயலட்சுமி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைத் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர்கள். ஒப்பாரியும் தாலாட்டும் பெண்கள் சொத்து. அந்நிய ஆண் போய் ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்டால் எந்தக் கிழவி வாய் திறப்பாள்? ஏற்றப்பாட்டும் வண்டிப்பாட்டும் அதேபோல் ஆண்களிடம் இருக்கும். கணவனும் மனைவியுமாகப் போனால் இரண்டு கதவும் திறக்கும். மேடையில் நாம் கேட்டது அந்த உழைப்பின் மேல்நுரை மட்டுமே.

2018இல் பத்மஸ்ரீ பட்டியலில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பெயரைப் பார்த்தபோது அப்பத்தா இல்லாமல் போய்விட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த கேள்வி பின்னாலேயே வந்தது. நவநீதகிருஷ்ணன்? மனைவியின் பெயருக்குப் பின்னொட்டாகப் பட்டியலில் அவரும் இருந்தார், அவ்வளவுதான். வழக்கமாகக் கணவருக்குப் பரிசும் மனைவிக்குப் பாராட்டும் கிடைக்கும் நாட்டில் இது தலைகீழாக நடந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. மறைக்க மாட்டேன். ஆனாலும் கணக்கு இடித்தது.

அதே 2018 ஜூலையில் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனின் பட்டம் செந்தில் கணேஷுக்குப் போனது. நாட்டுப்புறப் பாட்டு மட்டுமே பாடிவந்தவர் அந்த மேடையில் ஜெயித்தது சின்ன விஷயமல்ல. ஆனால் ராஜலட்சுமியும் அதே சீசனில் போட்டியாளர். ஒரே மேடையில் பல வருடம் சேர்ந்து பாடிய இருவரைத் தனித்தனியாக நிறுத்தி மதிப்பெண் போட்டார்கள். போட்டிக்கு அதுதான் விதி. பட்டம் ஒன்று, ஆள் ஒருவர். அடுத்து 'சார்லி சாப்ளின் 2' படத்தில் 'சின்ன மச்சான்' பாட்டை இருவரும் சேர்ந்து பாடி ஊரையே ஆட வைத்தார்கள். விதி மேடையோடு போயிற்று, பாட்டு பழையபடி ஜோடிக்கே திரும்பியது. 'புஷ்பா' தமிழில் வந்தபோது 'சாமி சாமி'யை ராஜலட்சுமி தனியாகவே பாடி நிறுத்தினார். ஆகவே ஜோடியாகப் பாடுகிறவர்களுக்குத் தனி ஆளுமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

விருது என்றால் பெசன்ட் நகர்க்காரர்களுக்கு வேறு கதை நினைவுக்கு வரும். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் மற்ற நண்பர்களும் மீனவ மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழா. கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மணலில், வலை காயும் இடத்துக்குப் பக்கத்தில் நடந்தன. கிருஷ்ணாவுக்கு 2016இல் மகசேசே விருது வந்தது. 2024இல் சங்கீத கலாநிதி அறிவித்தபோது வித்வான்கள் சிலர் மியூசிக் அகாடமிக் கச்சேரியையே வேண்டாம் என்றார்கள். அதோடு சேர்ந்து வரும் எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலான பரிசு நீதிமன்றம் வரை போனது. அந்த உலகத்தில் விருது என்றால் அத்தனை சூடு.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு விருது கொடுத்தால் யாரும் வழக்குப் போடுவதில்லை. அவர்கள் அடுத்தவர் முற்றத்தில் கால் வைத்தால்தான் சத்தம் வரும். அட்டப்பாடி இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 'அய்யப்பனும் கோஷியும்' படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022இல் அறிவிக்கப்பட்டபோது, சுருதிப் பெட்டி வைத்து இவரால் பாட முடியுமா என்று கேட்டார்கள். ஆடு மேய்த்தபடி பாடியவரிடம் ஆடு ஒருநாளும் சுருதி கேட்டதில்லை.

தென்சென்னையில் ஒரு அரங்கத்தில் பார்த்த பரிசளிப்பு விழா ஒன்றும் இதோடு சேர்ந்து வருகிறது. அமைப்பின் பெயர் எதற்கு? நாட்டுப்புறப் பாடகர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் விருது என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. முதலில் பொன்னாடை. அவருக்குத் தலைவரே போர்த்திவிட்டார். அந்தம்மாவுக்குப் போர்த்த ஒரு பெண் வேண்டுமே என்று மேடையிலிருந்து கண்ணால் தேடினார்கள். முன்வரிசையில் இருந்த புரவலரின் மனைவி எழுந்து வர நேரம் பிடித்தது. அதற்குள் அறிவிப்பாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பிறகு கேடயம். ஒன்றுதான் செய்திருந்தார்கள். போட்டோவுக்கு அவர் இடது ஓரத்தையும் அந்தம்மா வலது ஓரத்தையும் பிடித்துக்கொண்டார்கள். கேடயத்தில் பொறித்திருந்தது அவர் பெயர் மட்டும். இறங்கி வரும்போது அந்தம்மா முந்தானையால் கேடயத்தின் கண்ணாடியைத் துடைத்தபடி, "வீட்டுல எந்தச் செவுத்துலங்க மாட்டுறது, ஏற்கெனவே எடமில்ல" என்று சிரித்தார். அன்று பாடிய பாட்டுகளில் பாதிக்கு மேல் அந்தம்மாவின் தாய்வழிப் பாட்டுகள். அதை மேடையிலேயே அவர் கணவர் சொன்னார். விருது கொடுத்தவர்கள் காதில் விழவில்லை.

அரசாங்க விருதுகளில் வேறு மாதிரிச் சிக்கல். இயல் இசை நாடக மன்றத்தின் கலைமாமணி தனிநபருக்கானது. கொல்லங்குடி கருப்பாயிக்கும் பரவை முனியம்மாவுக்கும் கிடைத்த பட்டம் அது. மாவட்ட அளவில் கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று வயதைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். முப்பத்தாறு முதல் ஐம்பது வரை சுடர்மணி, ஐம்பத்தொன்றிலிருந்து நன்மணி. ஐம்பத்திரண்டு வயதுக் கணவரும் நாற்பத்தைந்து வயது மனைவியும் ஒரே மேடையில் ஒரே பாட்டைப் பாடியிருந்தாலும் அவர் நன்மணி, இவர் சுடர்மணி. இரண்டு விண்ணப்பம், இரண்டு பரிந்துரை. ஒருவருக்குக் கிடைத்து ஒருவருக்குக் கிடைக்காமலும் போகலாம்.

வெளிநாட்டில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கிராமி விருதில் இருவர் பாட்டுக்கும் குழுப் பாட்டுக்கும் தனிப் பிரிவு இருந்தது. 1968 பிப்ரவரி 29 அன்று 'ஜாக்சன்' பாட்டுக்காக ஜானி கேஷுக்கும் ஜூன் கார்ட்டருக்கும் சேர்த்தே கிராமி கிடைத்தது. மறுநாள் மார்ச் 1 அவர்கள் கல்யாணம். விருது வாங்கும்போது ஊரறிந்த காதலர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகும்போது கணவன் மனைவி. நம் காலத்தில் 'ஷவல்ஸ் அண்ட் ரோப்' என்று ஒரு அமெரிக்கத் தம்பதி. மைக்கேல் டிரென்ட், கேரி ஆன் ஹர்ஸ்ட். இரண்டே பேர்தான் குழு. ஒருவர் கிதார் எடுத்தால் மற்றவர் டிரம்ஸில் உட்காருவார், நடுவில் இடம் மாறிக்கொள்வார்கள். 2013இல் நாஷ்வில்லில் அமெரிக்கானா இசை விருதுகளில் வளரும் கலைஞர் விருதும் ஆண்டின் சிறந்த பாட்டுக்கான விருதும் அந்த ஜோடிக்கே கிடைத்தன. யார் பெரியவர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாட்டு இரண்டாகிவிடும்.

நம்மிடம் வழியில்லை என்றும் சொல்ல முடியாது. பத்ம விருதுகளிலேயே இருவரைச் சேர்த்து ஒரே விருதாகக் கணக்கிடும் வழக்கம் இருக்கிறது. 2020இல் பத்மஸ்ரீ பெற்ற பாம்பே சகோதரிகள் சரோஜாவும் லலிதாவும் அப்படி வாங்கியவர்கள்தான். அதே ஆண்டு, அதே முறையில், ஸ்ரீரங்கத்தில் வாழும் நாகசுரத் தம்பதி ஷேக் மகபூப் சுபானிக்கும் காலீஷாபிக்கும் வழங்கினார்கள். ஷேக் சின்ன மௌலானாவின் சீடர்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக நாகசுரம் ஊதும் காட்சி மங்களகரமாக இருக்கும். ஒருவர் மூச்சு எடுக்கும் இடத்தில் மற்றவர் தாங்கிப் பிடிப்பார். எந்த இடத்தில் யார் வாசித்தார் என்று கேட்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அதில் கலையே. 2023இல் பாம்பு பிடிக்கும் இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் சேர்ந்தே பத்மஸ்ரீ வாங்கினார்கள். 2022ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதியை மியூசிக் அகாடமி லால்குடி கிருஷ்ணனுக்கும் தங்கை விஜயலட்சுமிக்கும் சேர்த்துத்தான் கொடுத்தது. வயலினுக்குச் செல்லுபடியாவது எசப்பாட்டுக்கு மட்டும் ஆகாதா?

நாட்டுப்புறக் கலைக்கு இப்போது நல்ல காலம் என்று தோன்றுகிறது. 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்திரப்பனுக்கும், 2025இல் பறைக்காக மதுரை வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023இலிருந்து 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' மறுபடி பொங்கலுக்கு வருகிறது. கடற்கரையில் உறுமியும் பம்பையும் முழங்கும்போது வண்ணாந்துறை மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு வருகிறவர்களும் நின்று ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த மேடைகளிலும் எத்தனையோ ஜோடிகள். போஸ்டரில் மட்டும் பெரும்பாலும் 'இன்னார் குழுவினர்' என்று இருக்கும். அந்தக் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் ஒரு மனைவி இருப்பார்.

எல்லாத் தம்பதிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டு விருது கொடு என்று நான் சொல்லவில்லை. தனித்துப் பாடியவருக்குத் தனியாகக் கொடுங்கள். சேர்ந்தே பாடிச் சேர்ந்தே சேகரித்தவர்களுக்குச் சேர்த்துக் கொடுங்கள், பதக்கம் மட்டும் இரண்டாக இருக்கட்டும். சபாக்காரர்களே, மன்றத்தாரே, இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் பெயர் எழுதும் இடத்தில் இன்னொரு வரி விடுங்கள்.