அடுப்பங்கரையில் கற்ற பாஷை

குவாத்தமாலா தேசத்தின் தலைநகரிலிருந்து ஆன்டிகுவா நகருக்குச் செல்லும் பேருந்தை அவ்வூர் ஜனங்கள் கமியொனேட்டா என்று அழைக்கிறார்கள். முன்னொரு காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்று, அங்கே கழிக்கப்பட்டபின் தெற்கே வந்து, சிவப்பும் பச்சையும் நீலமுமாக வர்ணம் தீட்டப்பெற்று மறுஜன்மம் எடுத்த அத்தகைய வண்டி ஒன்றில், மடியில் என் முதுகுப்பையும் அதன்மேல் பக்கத்து ஆசனத்து மூதாட்டியின் பழக்கூடையுமாக, நாற்பது கிலோமீட்டர் அளவு மலைச்சாலையில் பிரயாணம் செய்து நான் அந்நகரை அடைந்தபோது, எனக்குத் தெரிந்திருந்த ஸ்பானியச் சொற்கள் இருபதைத் தாண்டா. மூதாட்டி கூடையைத் தொட்டுக் காட்டி, "குவயாபா" என்றாள். "கொய்யா" என்றேன் நான். போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த அந்த அமெரிக்கக் கனி தன் பெயரையும் உடன் எடுத்து வந்தது என்று ஏட்டில் படித்திருந்தேன். ஆயினும் அது பிறந்த மண்ணில், அதை விளைவிக்கிற ஒருத்தியின் வாயால் அப்பெயரைக் கேட்டபோது உண்டான மகிழ்ச்சி வேறு.

ஆன்டிகுவா என்றால் பழையது என்று பொருள். 1543-இல் ஸ்பானியர் அமைத்த இந்நகரம், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு ராஜதானியாக விளங்கி, 1773-ஆம் ஆண்டுப் பூகம்பங்களில் இடிந்து, 1776-இல் அந்தப் பதவியைப் புதிய நகரமொன்றுக்குக் கொடுத்துவிட்டது. கூரையிழந்த தேவாலயங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. தெற்கே 3,760 மீட்டர் உயரத்துக்கு ஆகுவா எரிமலை. சற்று மேற்கே ஃபுவேகோ, இருட்டியபின் செந்நெருப்பைக் கக்குவதை வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் மூட்டை சுமந்து ஊர் ஊராகத் திரியும் என் போன்றோரை அங்கே வாரக்கணக்கில் நிறுத்திவைப்பவை ஸ்பானியப் பள்ளிகளே. ஓர் ஆசிரியைக்கு ஒரே மாணவன். முற்றத்து நிழலில் ஒரு சிறு மேசை (அதை அவர்களும் மேசா என்றுதான் சொல்லுகிறார்கள்). காலையில் நான்கு மணி நேரம் பாடம். மற்றப் பொழுதுக்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் உணவும் இருப்பிடமும்.

முதல் பத்து நாட்கள் மிகுந்த சிரமம். அந்நிய பாஷை எதையும் ஆங்கிலத்தின் வழியாகவே அணுகிப் பழகிய என் புத்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலமாக்கிப் பிறகு ஸ்பானியமாக்கி நாவுக்குக் கொண்டுவருவதற்குள், எதிரே இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். ஒரு நாள் ஆசிரியை, "மே துவேலே லா கபேசா" என்று தாளில் எழுதி, வெளிநாட்டார் எல்லோரும் இதில் தடுமாறுவார்கள் என்று எச்சரித்தார். உற்றுப் பார்த்தேன். எனக்குத் தலை வலிக்கிறது! தலையே எழுவாயாக நின்று வலிக்க, அதற்கு உரியவன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கும் அந்த அமைப்பு முழுவதும் நம்முடையது. "மே குஸ்தா எல் கஃபே" என்றால் எனக்குக் காப்பி பிடிக்கும். "ஆப்லோ" என்றால் பேசுகிறேன். நான் என்று தனியே சொல்ல வேண்டாம், விகுதியே சொல்லிவிடும். ரகரத்தை மெல்லச் சொன்னால் "ஆனால்" என்றும், நாவை அதிரவிட்டுச் சொன்னால் "நாய்" என்றும் பொருள்படுகிற ஒரு சொல்லைச் சொல்ல மற்ற மாணவர்கள் மணிக்கணக்கில் பாடுபட்டார்கள். எனக்கோ, மரத்தையும் மறத்தையும் வேறுவேறாக ஒலிக்கிற குமரி மாவட்டத்துப் பாட்டி ஒருத்தி அந்த வித்தையை ஐந்து வயதிலேயே கற்பித்திருந்தாள். அன்றுமுதல் ஆங்கிலத்தை வழியிலிருந்து விலக்கிவிட்டுத் தமிழிலிருந்தே அடியெடுத்து வைத்தேன். பேச்சு வரத் தொடங்கியது.

ஆயினும் என் மெய்யான பள்ளி, நான் தங்கியிருந்த வீட்டின் அடுக்களை. வீட்டு அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். இரவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அப்படியே ஊறவிடுவாள். காலையில் கையால் தேய்த்துக் கழுவினால் மேல்தோல் மஞ்சளாகக் கழன்று மிதக்கும். பிறகு தெருமுனை இயந்திரத்துக்குப் போய் மாவு அரைத்து வருவாள். ஓர் உருண்டையை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கிடையே மாற்றி மாற்றித் தட்டத் தட்ட, ஓரம் சிறிதும் வெடிக்காமல் அது வட்டமாக விரிந்து தோர்த்தியா ஆகும். அந்த ஓசைதான் அவ்வீட்டுக்குப் பொழுது விடிந்ததற்கு அடையாளம். "நீங்கள்" என்ற மரியாதைச் சொல்லையும், "மிஹோ", அதாவது "என் மகனே" என்ற வாஞ்சையையும் ஒரே மூச்சில் சேர்த்து அவள் என்னை விளிப்பது முதலில் விசித்திரமாக இருந்தது. பின்னர் அதைக் கேட்காத நாள் வெறுமையாயிற்று.

மூன்றாம் வாரத்தில் அவளுடைய தமக்கை வந்திருந்தாள். இருவரும் அடுப்படியில் பேசிய பேச்சில் எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள்: "இது எங்கள் பாஷை, கக்சிகேல். நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும், மகனே. ஸ்பானியத்தை நானும் அழுதுதான் கற்றேன்." நெசவுக்குப் பேர்போன சான் அன்டோனியோ ஆகுவாஸ் கலியென்டெஸ் அவள் பிறந்த ஊர். சிறுவயதில் வகுப்பில் வாய்தவறித் தாய்மொழி பேசியதற்காக முழங்காலில் நிறுத்தப்பட்டவள், தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரலாகாதென்று வீட்டில் ஸ்பானியம் மட்டுமே பேசி வளர்த்தாள். அந்நாட்டில் மாயா இனத்தாரின் மொழிகள் இருபதுக்கு மேல் உண்டு; அவற்றையும் தேசிய மொழிகளாக மதிக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. ஒரு பாஷையை அடைந்த ஆனந்தத்தில் திளைத்திருந்த எனக்கு, அதே பாஷை இன்னொருத்தியின் வீட்டுக்குள் எவ்விதம் நுழைந்தது என்பதைக் கேட்டபின், அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. மறுநாள், நன்றி என்பதற்கு அவர்கள் சொல்லும் "மத்தியோஷ்" என்ற சொல்லையும், எண்களையும் அவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். நாள்தோறும் தோர்த்தியாக்களை அடுக்கும்போது எண்ணிப் பழகினோம்.

நான் புறப்பட்ட தினத்தன்று விடியுமுன்பே எழுந்து, வழிக்கென்று சுட்டவற்றைத் துணியில் மடிக்கத் தொடங்கினாள். "ஹுன், காயி, ஓஷி" என்று அவள் எண்ண, நானும் உடன் எண்ணினேன். பள்ளிச் சீருடையோடு அடுப்பருகே நின்றிருந்த அவளுடைய பேத்தி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான்காவதை எடுத்துப் பாட்டியின் கையில் வைத்து, "காஹி" என்றாள்.