குருவியின் குருதி

கொசுவுக்குப் பழந்தமிழில் நுளம்பு என்றும் உலங்கு என்றும் பெயர்கள் உண்டு. ஈழத்துத் தமிழர் இன்றும் நுளம்பு என்றே வழங்குவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாய் இருந்த நான் இச்சொற்களை அறிவேன். ஆனால் அச்சிற்றுயிரைச் சுற்றி நிகழ்ந்த வரலாற்றைப் பணி ஓய்வுக்குப் பின்னரே கற்றேன். உயிர்நூல் என் துறையன்று. ஆயினும் மனிதர்பட்ட கடன் ஒன்று அவ்வரலாற்றில் இருக்கக் கண்டேன். கடன் கொடுத்தது சிட்டுக்குருவி.

1970-களின் நடுப்பகுதியில், சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் சிறுவனாய் வளர்ந்தபோது, எனக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், குறித்த வேளையில் குளிர் வரும். மூன்று கம்பளிகளைப் போர்த்தினாலும் பற்கள் அடித்துக்கொள்ளும். பின்பு உடல் தீயெனக் காயும். அதன்பின் வியர்த்து ஓயும். சுகாதாரப் பணியாளர் ஒருவர் விரல் நுனியில் ஊசியால் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துக்கொண்டு, தாம் வந்த நாளைச் சுவரில் எழுதிச் செல்வார். நாடெங்கும் அந்நோய் மீண்டும் தலைதூக்கியிருந்த காலம் அது. 1976-இல் மட்டும் இந்தியாவில் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது பற்றியது. எங்கள் வீட்டுச் சுவர்களில் கொசுமருந்து தெளிக்க ஆட்கள் வந்தபோது, “காய்ச்சல் பிள்ளைக்கு; மருந்து சுவருக்கா?” என்று என் பாட்டியார் கேட்டார்.

அவ்வினாவுக்கு விடை கண்ட இடம் கல்கத்தா, ஆண்டு 1898. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், ரொனால்டு ராஸ் என்னும் படை மருத்துவர், நோயாளியைக் கடித்த கொசு ஒன்றைச் செகந்தராபாத்தில் அறுத்து ஆராய்ந்தார். அதன் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். ஆயின் அது அங்கிருந்து மற்றோர் உடலை எவ்வழி அடைகிறது? கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட ராஸ் மேலும் ஆராய விரும்பினார். அந்நகரிலோ பிளேக் தடுப்பூசியைக் குறித்த அச்சம் பரவியிருந்தது. விரலில் ஊசி குத்த எவரும் இசையவில்லை. ஆகவே அவர் பறவைகளை நாடினார். காகம், புறா, வானம்பாடி, குருவி ஆகியவற்றின் குருதியிலும் மலேரியாவை ஒத்த ஒட்டுண்ணிகள் உண்டு. குருவியின் மலேரியா மனிதனைப் பற்றாது. மனிதனுடையது குருவியைப் பற்றாது. எனினும் அவை ஒரு குடும்பத்துப் பங்காளிகள்.

முகம்மது பக்ஸ் என்னும் உதவியாளர் ராஸுக்குத் துணை நின்றார். இவர் பெயரையும் மாணவர் நினைவிற்கொள்ளல் வேண்டும். குருவிக் கூண்டுகளை இரவில் கொசுவலைக்குள் வைத்துப் பசித்த கொசுக்களை உள்ளே விடுவர்; குருதி உண்டு பருத்தவற்றைக் காலையில் பிடித்து வளர்த்து, நாள்தோறும் சிலவற்றை அறுத்து நோக்குவர். ஜூலைத் தொடக்கத்தில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அவ்வொட்டுண்ணியின் நுண்ணிய வடிவங்கள் திரண்டிருத்தலை ராஸ் கண்டார். நோய் கொசுவின் வாய்வழியே திரும்பி வருகின்றது! அத்தகைய கொசுக்களை நோயற்ற 28 குருவிகளைக் கடிக்கச் செய்தார். 22 குருவிகள் நோயுற்றன. மனிதனின் மலேரியாவும் அனாபிலிஸ் கொசுவால் அவ்வாறே பரவுவதை, அவ்வாண்டின் இறுதியில் இத்தாலியில் கிராசியும் அவர் துணைவரும் மெய்ப்பித்தனர். ராஸுக்கு 1902-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நான் ஒருமுறை கொல்கத்தா சென்றபோது, ராஸ் பணிபுரிந்த மருத்துவமனையின் மதிலில் அமைந்துள்ள நினைவுச் சின்னத்தைத் தேடிச் சென்று பார்த்தேன். 1927-இல் ராஸ் முன்னிலையிலேயே அது திறக்கப்பட்டது. அதன் எழுத்துகளை இருமுறை படித்தேன்; குருவியைக் குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை. அருகிலிருந்த தேநீர்க் கடையில் குருவிகள் சில பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

ராஸின் குருவிகளைக் கடித்தது கியூலெக்ஸ் என்னும் பழுப்புக் கொசு. நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுவே. நம் நாட்டுப் பறவைகளும் அக்கொசுவும் அவ்வொட்டுண்ணியும் எண்ணற்ற தலைமுறைகளாக ஒன்றாய் வாழ்ந்தவை. எனவே நம் பறவைகள் நோயுற்றாலும் பெரும்பாலும் அதனைத் தாங்கி நிற்கும். வயல்வெளிக் கொக்குகளும் அத்தகையனவே. மனிதரின் மூளையைத் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசைத் தம் குருதியில் கொண்டிருந்தும் அவை நோயின்றித் திரிகின்றன.

இப்பழக்கம் சிறிதும் இல்லாத பறவைகளிடம் அக்கொசு சென்றால் என்னாகும்? பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் அது நிகழ்ந்தது. அங்கே கொசுவே இருந்ததில்லை. 1826-இல் வெல்லிங்டன் என்னும் கப்பல், மெக்சிக்கோவில் நிரப்பிய நீர்ப்பீப்பாய்களின் அடித்தண்ணீரை மாவுயித் தீவின் லகைனாவில் கொட்டிற்று. அந்நீரில் கியூலெக்ஸ் கொசுவின் புழுக்கள் இருந்தன என்பர். பின்னர் அயல்நாட்டுப் பறவைகளோடு அம்மை வைரசும், ராஸின் குருவிகளிடம் இருந்த அதே வகை மலேரியாவும் வந்து சேர்ந்தன. நோய்கள் வந்திறங்கின, ஏற்றிச் செல்லும் ஊர்தியோ முன்னமே காத்திருந்தது.

அத்தீவுகளில் தேன்பருகும் பறவைக் குடும்பம் ஒன்று உண்டு. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரே முன்னோரிடமிருந்து 50-க்கு மேற்பட்ட இனங்களாகக் கிளைத்தது அது. வளைந்த அலகால் பூவில் தேன் உறிஞ்சுவன சில. கிளி போன்ற அலகால் மரப்பட்டையைப் பிளப்பன சில. இஇவி என்னும் செந்நிறப் பறவையின் இறகுகளால் ஹவாய் மன்னர்க்குப் போர்வை செய்தனர். நோயுற்ற ஒரு கொசு ஒருமுறை கடித்தாலே, இஇவிகளில் பத்துக்கு ஒன்பது மடிவதை 1990-களில் நடந்த ஆய்வு காட்டிற்று. தாழ்நிலக் காடுகளில் பறவைகள் மறைந்தமைக்கு இந்நோய்களே பெருங்காரணம் என்று 1968-இலேயே ரிச்சர்ட் வார்னர் எழுதினார். எஞ்சியவை மலையுச்சியை அடைக்கலமாகக் கொண்டன. ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் ஒட்டுண்ணி கொசுவினுள் வளராது. ஆயின் உலகு வெப்பமடைவதால் கொசு ஆண்டுதோறும் மலையேறுகிறது. காட்டுப் பன்றிகளும் அதற்குத் துணைசெய்கின்றன; அவை பெரணி மரத்தண்டுகளைக் குடைந்து தின்ற குழிகளில் மழைநீர் தேங்கிக் கொசு வளர்கிறது. கவாயித் தீவின் மிக உயர்ந்த சிகரமே 1,600 மீட்டரை எட்டவில்லை. அங்குள்ள பறவை அதற்கு மேல் எங்கே செல்லும்?

கவாயி ஓஓ என்பது அத்தீவின் வேறொரு குடும்பத்துப் பறவை. எலியும் புயலும் காடழிவும் நோயும் சேர்ந்து அதனை அழித்தன. கடைசியாக அதன் குரல் கேட்டது 1987-இல். பதிவு செய்யப்பட்ட அக்குரலை என் பேத்தி எனக்குக் கேட்கச் செய்தாள். இறுதியாய் எஞ்சிய ஆண்பறவை துணையை அழைக்கின்றது, சற்று நிறுத்துகின்றது, விடை இல்லை, மீண்டும் அழைக்கின்றது. அன்றிலைப் பற்றி எத்தனையோ வகுப்புகளில் பாடம் சொன்னவன் நான். “இன்னொரு முறை கேட்கலாமா, தாத்தா?” என்றாள் அவள். வேண்டாம் என்றேன். அமெரிக்க அரசு 2023-இல் அழிந்தொழிந்தவை என அறிவித்த உயிரினங்களுள் 8 ஹவாய்ப் பறவைகள். அவற்றுள் இதுவும் ஒன்று.

தேன்பருகிகளுள் இன்று எஞ்சியவை 17 இனங்களே. அவற்றைக் காக்க அறிஞர் கையாளும் கருவியும் கொசுவே என்பது வியப்பு! ஆண்கொசு கடிப்பதில்லை. வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிரின் வேறொரு வகையைத் தாங்கிய ஆண்கொசுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டில் விடுகின்றனர். அவற்றோடு கூடிய பெண்கொசு இடும் முட்டைகள் பொரிவதில்லை. மாவுயித் தீவின் மலைக்காடுகளில் 2023 நவம்பர் முதல் இப்பணி நடைபெறுகிறது. இலட்சக்கணக்கான கொசுக்களை முதலில் ஹெலிகாப்டரிலிருந்தும், 2025 முதல் ஆளில்லா விமானங்களிலிருந்தும் தூவுகின்றனர். அக்காட்டில் வாழும் கிவிகியு என்னும் பறவை, அண்மைக் கணிப்பின்படி, 150-க்கும் குறைவே.