இடக்கையின் பங்கு

மணவூர் இரயில் நிலையத்தை அடுத்த கடைத்தெருவில் ஒரு காலத்தில் கண்ணில் பட்ட பெயர்ப்பலகைகளில் பல என் தந்தையார் எழுதியவை. பிளக்ஸ் அச்சு வந்தது. அவருடைய தூரிகைக்கு வேலை குறைந்தது. நான் கணினியில் படம் வரையக் கற்கத் தொடங்கியபோது அவர் தடுக்கவில்லை, மகிழவும் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில், 2003ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைத்துவரும் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளில் பழகினேன். முதற்பணி, உறவினரின் தேநீர்க் கடைக்கு வட்டமான ஒரு சின்னம். மவுஸை அழுத்தி இழுத்தேன், வந்ததோ முட்டை! கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் வட்டம் அமையும் என்று படித்திருந்தேன். அவ்வாறே செய்தேன். இழுக்கும்வரை வட்டம், கையை எடுத்ததும் மீண்டும் முட்டை. பத்து முறை முயன்றும் அதே கதை.

பின்னால் நின்றிருந்த தந்தையார் சொன்னார்: "இடது கை ஏம்பா அவசரப்படுது? வலது கை வேலைய முடிக்கட்டும், அப்புறம் எடு."

கணினியைத் தொட்டறியாதவர் அவர். ஆனால் பலகை எழுதும்போது இடக்கையில் ஒரு கோலைப் பிடித்து, அதன்மேல் வலக்கையைத் தாங்கியே தூரிகையை ஓட்டுவார். கோடு முடியுமுன் கோலை எடுத்தால் எழுத்து கோணிவிடும். அவர் சொன்னபடி முதலில் மவுஸை விட்டு, பிறகு விசையை விட்டேன். வட்டம் வட்டமாகவே நின்றது!

அன்றுமுதல் மற்ற விசைகளும் எனக்கு விளங்கலாயின. ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தினால், தொட்ட இடமே மையமாகி வட்டம் விரியும். அவர் ஆணியடித்து நூல் கட்டி வரைவதும் இதுதானே! ஷிப்ட்டுடன் சொடுக்கினால், முன்பு தேர்ந்த உருவோடு இன்னொன்றும் சேரும். ஆல்ட்டுடன் சொடுக்கினால், மேலே கிடக்கும் உருவைக் கடந்து அடியில் உள்ளது அகப்படும். சொடுக்கு ஒன்றே, அதற்குப் பொருள் தருவது இடக்கை. தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் புள்ளி விசையைத் தட்டினால் தாள் நகராது. அடுத்து வரும் எழுத்தின் தலையில் அது புள்ளியாக அமரும்.

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலும் ஒரு கை ஒளிப்பேனாவைப் பிடிக்க, மறு கை பொத்தான்களை அழுத்தியது. கணினி ஓவியம் தொடக்கத்திலிருந்தே இருகை வேலைதான்.

சின்னம் முடிந்த அன்று, கடைப்பெயரை மட்டும் தாளில் எழுதித் தரும்படி தந்தையாரைக் கேட்டேன். நெடுநாள் மூடிக்கிடந்த தூரிகைப் பெட்டியைத் திறந்தார். அவர் எழுதியதைப் படமெடுத்து வட்டத்தின் நடுவே பதித்தேன். பிளக்ஸ் அச்சாகி வந்ததும் கடைக்கு எதிரே சற்று நேரம் நின்று பார்த்தார்.

"எழுத்து கோணல" என்றார். நண்பர்களே, எனக்கு அது போதும்.