பூசா ரோடில் ஒரு தமிழ்ப் பள்ளி

நாலைந்து குடும்பங்களாகத் தில்லி செல்லும் நம் அன்பர்கள் செங்கோட்டையும் குதுப்மினாரும் கண்டு திரும்பிவிடுகின்றனர். பிள்ளைகளுடன் செல்வோர் கரோல்பாக்கை அடுத்த பூசா ரோடுக்கும் சென்று வருதல் நன்று.

பீகாரிலுள்ள பூசாவில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் சிதைந்து, 1936 இல் தில்லிக்கு வந்தது. ஊர்ப்பெயரும் உடன் வந்தது. அரசாங்க அலுவலுக்காக வடக்கே வந்த நம்மவரோ தமிழைக் கொண்டுவந்தனர். 1923 இல் அவர்கள் தொடங்கிய முயற்சி, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக வளர்ந்துள்ளது. அவற்றுள் ஒன்று இச்சாலையில் உள்ளது. பிறமொழிப் பிள்ளைகளும் அங்கே பயில்கின்றனர். வீட்டில் பேசுவதோடு தமிழை நிறுத்திக்கொண்ட நம் பிள்ளைகள், தம் வயதினர் அதனை எழுதக் காண்பது, நாம் நூறுமுறை இடித்துரைப்பதினும் பயன் தரும்.

முன்னரே கடிதம் எழுதி இசைவு பெறுக. தேர்வுக் காலத்தில் செல்லற்க. பள்ளி காட்சிச்சாலையன்று.